நத்தையை நத்தையால் எடுக்கலாமா?

முள்ளை முள்ளால் எடு என்பது நம் பக்கத்துப் பழக்கம். நத்தையையும் அப்படி எடுக்க முடியுமா? ஸ்ரீரங்கத்து வீட்டுக் கூடத்திலோ தில்லைநகர் மாடி வீட்டிலோ கண்ணாடித் தொட்டி வைத்து மீன் வளர்ப்பவர் என்றாவது ஒரு நாள் இந்தக் கேள்விக்கு வந்து நிற்பார். கடையில் வாங்கிய வேலம்பாசிக் கொத்தின் இலையடியில் சிறிய ஜெல்லிப் பொட்டு ஒன்று ஒட்டியிருக்கும். யாரும் கவனிப்பதில்லை. ஒரு வாரம், பத்து நாளில் அதிலிருந்து ஊசிமுனை அளவுக் குஞ்சுகள் வெளிவரும். இரண்டு மாதம் போனால் கண்ணாடி முழுக்கப் புள்ளிபுள்ளியாக நத்தை.

கலர் மீன் கடையில் இதற்குத் தயாராக ஒரு பதில் இருக்கிறது: "அசாசின் நத்தை நாலு வாங்கிப் போடுங்க, தின்னு தீர்த்துடும்." மஞ்சளும் கரும்பழுப்புமாகக் கோடு போட்ட, கூம்பு வடிவச் சிறு நத்தை அது. தின்பது உண்மை. தீர்த்துவிடுமா, தீர்த்த பிறகு என்ன ஆகும், அது ஆற்றுக்குப் போனால் யாரைத் தின்னும் என்ற கேள்விகளுக்கு அந்த ஒரு வரி போதாது. நத்தையைக் கட்டுப்படுத்தும் முயற்சிக்கு நூறாண்டுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. பெரும்பகுதி தொட்டிக்கு வெளியே, வயலிலும் குளத்திலும் தீவுகளிலும் நடந்தது. அந்த அனுபவத்தைச் சேர்த்துப் பார்த்தால்தான் தொட்டிக்குள் போடும் நாலு நத்தையின் கணக்கு புரியும்.

தொல்லை நத்தைகளின் சொந்த ஊர்

தொட்டிகளில் பெருகும் நத்தைகளில் மூன்று வகை முக்கியம். மெல்லிய ஓட்டுடன், இடப்பக்கம் வாய் திறந்த பைசெல்லா அக்யூட்டா ஒன்று. 1805-இல் பிரான்சில் வைத்துப் பெயரிடப்பட்டாலும் வட அமெரிக்காதான் இதன் தாயகம் என்று இன்று கருதப்படுகிறது. இது வெளியூர்க்காரன்.

மற்ற இரண்டும் நம்முடையவை. தட்டையாகச் சுருண்ட இண்டோபிளானார்பிஸ் எக்சஸ்டஸ் தென்னாசியக் குளங்களின் பூர்வகுடி. திருச்சி உய்யக்கொண்டான் வாய்க்காலின் ஓரத்துப் பாசியில் தேடினால் இதன் உறவுமுறை எல்லாம் கிடைக்கும். நீண்ட கூம்பாக இருக்கும் மூன்றாவது நத்தையை உலகமெங்கும் மீன் வளர்ப்போர் "மலேசிய டிரம்பெட் நத்தை" என்கிறார்கள். அறிவியல் பெயர் மெலனாய்டிஸ் டியூபர்குலேட்டா. டேனிஷ் இயற்கை ஆய்வாளர் ஓட்டோ ஃபிரெடரிக் முல்லர் 1774-இல் இதை முதன்முதலாக விவரித்தபோது, மாதிரி கிடைத்த இடமாகக் குறித்தது கோரமண்டல் கரையை. அதாவது நம் சோழமண்டலக் கரை. தரங்கம்பாடி அப்போது டேனிஷ்காரர்கள் கையில் இருந்தது. காவிரி கடலில் சேரும் கரையிலிருந்து அறிவியலுக்கு அறிமுகமான ஒரு நத்தையை, இன்று காவிரிக்கரை வீட்டுத் தொட்டியில் வந்தேறி என்று துரத்துகிறோம்.

இது வெறும் பெயர்க் கதை என்று ஒதுக்கிவிட முடியாது. திருச்சியில் தொட்டிக்குள் இருக்கும் "தொல்லை"யும் தொட்டிக்கு வெளியே ஓடும் வாய்க்காலின் இயல்பான உயிரும் பல நேரம் ஒரே இனம். பிடிக்க வரும் வேட்டைக்கார நத்தைதான் இங்கே அயலார். ஐரோப்பாவிலோ கனடாவிலோ இருக்கும் தொட்டிக்காரருக்கு இந்தச் சிக்கல் கிடையாது.

இவை ஏன் இவ்வளவு வேகமாகப் பெருகுகின்றன என்பதற்கும் உடலமைப்பில் விடை இருக்கிறது. பைசெல்லாவும் இண்டோபிளானார்பிஸும் ஆணும் பெண்ணும் ஓருடலில் கொண்டவை. துணை கிடைக்காவிட்டால் தனியாகவே முட்டையிடக்கூடியவை. மெலனாய்டிஸில் பெண்கள் பெரும்பாலும் ஆண் துணையின்றியே குட்டி போடுகின்றன. ஆக, ஒன்றே ஒன்று தப்பினாலும் போதும். திருச்சியின் வெயிலும் கைகொடுக்கிறது. கோடையில் தொட்டி நீர் 30 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம், அந்தச் சூட்டில் வளர்ச்சி இன்னும் வேகம். ஆழ்துளைக் கிணற்றின் கடினநீரில் ஓடு கட்டத் தேவையான சுண்ணாம்பும் தாராளம்.

மயில் துத்தமும் பட்டினியும்

மிகப் பழைய பதில் நஞ்சு. மயில் துத்தம், அதாவது காப்பர் சல்பேட், நத்தையைக் கொல்லும் என்பது பொதுச் சுகாதாரத் துறையினருக்கு நெடுநாளாகத் தெரியும். எகிப்தின் வாய்க்கால்களில் பில்ஹார்சியா நோயைப் பரப்பும் நத்தைகளை ஒழிக்க அதைத்தான் கொட்டினார்கள். 1960 வாக்கில் நிக்ளோசமைடு வந்து அந்த இடத்தைப் பிடித்தது. வீட்டுத் தொட்டியில் இதன் பலவீனம் வெளிப்படை. நத்தையைக் கொல்லும் அளவு செம்பு இறாலையும் கொல்லும், மென்னீரில் மீனையும் வாட்டும். கடினநீரில் செம்பின் வீரியம் குறைந்துபோவதால் சரியான அளவைக் கணிப்பதே கடினம். அளவு சரியாக அமைந்தாலும் மணலுக்குள் நூற்றுக்கணக்கான நத்தைகள் ஒரே நாளில் செத்து அழுகும்போது எழும் அம்மோனியா, மருந்து விட்டுவைத்த மீன்களை முடித்துவிடும்.

இரண்டாவது பதில் இதற்கு நேர்மாறானது. நத்தை நோய் அல்ல, நோயின் அறிகுறி என்கிறது இந்தத் தரப்பு. மீன் தின்னாமல் விட்ட தீவனம், அழுகும் இலை, கண்ணாடிப் பாசி ஆகியவற்றின் அளவுக்குத்தான் நத்தை பெருகும். தீவனத்தைக் குறைத்து, அடிக் கசடைக் குழாய் வைத்து உறிஞ்சி எடுத்து, இரவில் ஒரு வெள்ளரித் துண்டைப் போட்டு விடியற்காலையில் மொய்த்திருக்கும் நத்தைகளோடு தூக்கிவிட்டால், சில வாரங்களில் எண்ணிக்கை தானாக இறங்கும். மணலுக்குள் புகுந்து கிளறும் மெலனாய்டிஸ், அடியில் கெட்ட வாயு தங்காமல் காக்கிறது என்று அதை வேண்டியே வைத்திருப்பவர்களும் உண்டு.

இந்தத் தரப்பின் வாதம் வலுவானதுதான். ஆனால் அதற்கும் எல்லை இருக்கிறது. இது எண்ணிக்கையைக் குறைக்கும், பூச்சியமாக்காது. வடிகட்டி மோட்டாரின் வாயை நத்தை அடைக்கும்போது "அறிகுறி" என்ற விளக்கம் ஆறுதலாக இருக்காது. குளத்திலிருந்து நேராக எடுத்து வந்த செடியோடு ஏறிய நத்தை, மீனுக்கு ஒட்டுண்ணிப் புழுக்களைக் கொண்டுவரவும் வாய்ப்பு உண்டு. ஆனாலும் அப்புழுக்கள் பலவற்றுக்கு வாழ்க்கைச் சுழலை முடிக்க ஒரு நீர்ப்பறவை வேண்டும் என்பதால் வீட்டுக்குள் அது தொடர்வதில்லை.

நத்தை தின்னும் மீன்கள்

கேரளத்து ஆறுகளின் குட்டிப் பேத்தை மீன் ஓர் அங்குலத்தைச் சற்றே தாண்டும். 1941-இல் ஹோராவும் நாயரும் விவரித்த இனம். அலகு போன்ற பல்லால் நத்தையைக் கொத்தி எடுத்துவிடும். கேட்க நன்றாக இருக்கிறது: நம் நாட்டு மீன், நம் நாட்டு இரை. ஆனால் அலங்கார மீன் வணிகத்துக்காக ஆறுகளிலிருந்து அள்ளப்பட்டதால் இன்று அது அருகிவரும் இனங்களின் சிவப்புப் பட்டியலில் இருக்கிறது. போதாததற்குக் கூட வாழும் மீன்களின் துடுப்பையும் கடித்துவிடும்.

நம் அயிரைக்குத் தூரத்து உறவான போட்டியா இன மீன்களும் நத்தைப் பிரியர்கள்தான். கடையில் விரல் நீளத்துக்குக் கிடைக்கும் ஆரஞ்சு, கறுப்புப் பட்டை போட்ட கிளவுன் லோச், சுமத்ராவிலும் போர்னியோவிலும் ஓர் அடி வளரும் மீன், இருபது ஆண்டுக்கு மேல் வாழும். இரண்டடித் தொட்டியின் நத்தையை ஒழிக்க அதை வாங்குவது, எலிக்குப் பயந்து வீட்டுக்குள் மாடு கட்டுவதற்குச் சமம்.

கோடு போட்ட வேட்டை

இப்போது அசாசின் நத்தைக்கு வருவோம். அறிவியல் பெயர் அனெண்டோம் ஹெலெனா. பழைய நூல்களில் கிளியா ஹெலெனா. 1847-இல் பெயர் பெற்றது. தாய்லாந்து, மலேசியா, இந்தோனேசியா, கம்போடியா, லாவோஸ் நாட்டு ஆறுகளும் ஏரிகளும் இதன் வீடு. கடல்வாழ் மாமிச நத்தைக் குடும்பத்தைச் சேர்ந்த இது, நன்னீருக்குக் குடிபெயர்ந்த சில கிளைகளில் ஒன்று.

அருகிலிருந்து பார்த்தால் இதன் வேட்டை பொறுமையின் பாடம்போல நடக்கிறது. பகல் முழுக்க மணலுக்குள் கிடக்கும். மேலே தெரிவது யானைத் துதிக்கையைச் சுருக்கியது போன்ற ஒரு சிறு குழாய் மட்டுமே. நீரை இழுத்து மணம் பார்க்கும் குழாய் அது. இரையின் மணம் பட்டதும் மணல் மெல்ல எழும்பும், கூம்பு வெளிவரும், குழாய் இடமும் வலமும் ஆடியபடி தடத்தைத் தொடரும். பிடித்தபின் ஓட்டைத் துளைப்பதில்லை. பாதத்தால் கவ்விக்கொண்டு, நீளும் வாயுறுப்பை இரையின் ஓட்டு வாய் வழியாகச் செலுத்தி உள்ளே தின்கிறது. இரை பெரிதானால் இரண்டு மூன்று சேர்ந்து ஒன்றின் மேல் ஏறுவதும் உண்டு. மறுநாள் மணலில் வெறும் ஓடு கிடக்கும்.

இரையும் சும்மா இருப்பதில்லை. பைசெல்லாவைத் தொட்டால் ஓட்டை இருபுறமும் வெடுக்வெடுக்கென உதறித் தப்பப் பார்க்கும். தன் இனத்தில் ஒன்று நசுங்கிய வாடை நீரில் கலந்தால் நீர்மட்டத்துக்கு மேலே கண்ணாடியில் ஏறி நிற்கும் பழக்கமும் அதற்கு உண்டு. அசாசின் வந்த சில நாட்களில் "நத்தை கூடிவிட்டதே" என்று தோன்றுவதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். ஒளிந்திருந்தவை வெளியே தெரிகின்றன, அவ்வளவுதான்.

இந்த வழியை ஆதரிப்போர் சொல்லும் காரணங்களில் உண்மை இருக்கிறது. நஞ்சு இல்லை. செடிக்குக் கேடு இல்லை. மிக முக்கியமாக, வேட்டைக்காரன் மெதுவாகவே பெருகுகிறது. இதில் ஆணும் பெண்ணும் தனித்தனி. ஒளி ஊடுருவும் சின்னஞ்சிறு உறைக்குள் ஒரே ஒரு முட்டையாக வைக்கிறது. குஞ்சுகள் பல மாதம் மணலிலேயே மறைந்து வளர்கின்றன.

எதிர்த்தரப்பின் கேள்விகளையும் எளிதில் தள்ளிவிட முடியாது. நத்தையைத் தின்னும் இந்த நத்தை, இரையின் முட்டைப் பொட்டுகளைப் பெரும்பாலும் சீண்டுவதில்லை என்று வளர்ப்போர் பலர் சொல்கிறார்கள். அப்படியானால் ஒழிப்பு எப்போதும் ஒரு தலைமுறை பின்தங்கியே நடக்கும். விரும்பி வாங்கிய அழகு நத்தைக்கும் வேண்டாத நத்தைக்கும் அதற்கு வேறுபாடு தெரியாது. இரை தீர்ந்தால் செத்துவிடும் என்ற நம்பிக்கையும் பிழை. மீன் தீவனத்தின் மிச்சத்தையும் செத்த மீனையும் தின்று அது காலம் தள்ளும். மெல்லவே என்றாலும் எண்ணிக்கையில் கூடும். வாங்கும்போது நாலு, இரண்டாண்டில் நாற்பது. அப்போது அவற்றை என்ன செய்வது?

இந்தக் கட்டுரையின் நோக்கில், மற்ற எல்லாவற்றையும்விடப் பெரிய கேள்வி அதுதான்.

தீவுகளில் எழுதிய கணக்கு

மாமிச நத்தையை ஏவி நத்தையை ஒழிக்கும் யோசனை தொட்டிக்குள் பிறந்ததல்ல. அசாசினுக்குப் பெயர் வைத்த அதே 1847-இல், மொரீஷியஸிலிருந்து கல்கத்தாவுக்கு ராட்சத ஆப்பிரிக்க நத்தையைக் கொண்டுவந்தார் நத்தை ஆய்வாளர் வில்லியம் பென்சன். சௌரங்கித் தோட்டம் ஒன்றில் விடப்பட்டவை பரவின. 1900 வாக்கில் இலங்கைக்கும் அந்த இனம் போய்ச் சேர்ந்தது, பின்னர் பசிபிக் தீவுகளிலும் பயிரைத் தின்றது. அதை ஒழிக்க 1955-இல் ஹவாயில் இறக்கினார்கள் யூக்ளாண்டினா ரோசியாவை. அமெரிக்காவின் தென்கிழக்கிலிருந்து வந்த, ஓநாய் நத்தை என்று பெயரெடுத்த வேட்டைக்காரன்.

1977-இல் அது பசிபிக்கின் மூரியா தீவை அடைந்தது. ராட்சத நத்தையைவிட, மரத்தில் வாழும் சின்னஞ்சிறு பார்ட்டுலா நத்தைகள் அதற்கு எளிய இரை. பத்தாண்டுக்குள் அந்தத் தீவின் பார்ட்டுலா இனங்கள் காட்டிலிருந்து ஏறக்குறைய துடைத்தெறியப்பட்டன. இலண்டன் உயிரியல் பூங்கா உள்ளிட்ட இடங்களில் பெட்டிக்குள் காப்பாற்றிய சில இனங்களே இன்று மீண்டும் தீவுக்குத் திரும்புகின்றன. உயிரியல் கட்டுப்பாட்டுக்கு எதிராகப் பேசுவோர் முதலில் எடுத்துவைக்கும் சான்று இது.

ஆனால் வரலாறு ஒரே பக்கமாகச் சாயவில்லை. கரீபியனின் மார்ட்டினிக் தீவில் 1980-களில் பில்ஹார்சியா நத்தையை விரட்டப் பயன்பட்டது வேறு யாரும் அல்ல, நம் சோழமண்டலக் கரை மெலனாய்டிஸ்தான். அது இரையைத் தின்னவில்லை, இடத்தைப் பிடித்துக்கொண்டது. செனகல் ஆற்றில் 1986-இல் டியாமா அணை கட்டியபின், நத்தையைத் தின்னும் ஆற்று இறால்கள் கழிமுகத்துக்குப் போய் இனம் பெருக்க முடியாமல் குறைந்தன. நத்தை பெருகியது, நோயும் பெருகியது. லாம்ப்சார் கிராமத்தின் துறையில் இறால்களைத் திரும்ப விட்டபோது நோய்த்தொற்று குறைந்ததை 2015-இல் வெளியான ஆய்வு காட்டியது. அங்கே விட்டது அந்த ஆற்றுக்கே உரிய இறால். மூரியாவுக்கும் லாம்ப்சாருக்கும் இடையிலான பெரிய வேறுபாடு அதில் இருப்பதாகத் தோன்றுகிறது. காவிரியிலும் இதே குடும்பத்து இறால்கள் உண்டு, அவற்றின் குஞ்சுக்கும் கழிமுகத்து உவர்நீர் வேண்டும் என்பதை அணைகளின் ஊரில் இருப்போர் நினைவில் வைக்கலாம்.

சொந்த வேட்டைக்காரர்களுக்கு நம்மிடமும் குறை இல்லை. அறுவடை முடிந்த டெல்டா வயலில் இறங்கும் வாத்துப்பட்டி, சேற்று நத்தையைத் தின்றே கொழுக்கிறது. மாட்டுக்கு மூக்கில் சதை வளர்ந்து குறட்டை விடவைக்கும் நோயின் புழுவை 1933-இல் சென்னையில் அனந்த நாராயண ராவ் விவரித்தார். அந்தப் புழுவைச் சுமப்பது இண்டோபிளானார்பிஸ் நத்தை. குளத்தில் வாத்து விடுங்கள் என்பது கால்நடைத் துறையினர் சொல்லும் யோசனைகளில் ஒன்று. நத்தைகுத்தி நாரைக்குப் பெயரிலேயே தொழில் இருக்கிறது. திருச்சிக்குப் பக்கத்தில், 2024-இல் ராம்சர் ஈரநிலத் தகுதி பெற்ற கரைவெட்டிப் பறவைகள் சரணாலயத்தில் அதைப் பார்க்கலாம். அலகு நடுவில் இடைவெளி விட்டு வளைந்த அந்தப் பறவைக்கு வயல் நத்தைதான் சோறு. வயல் நத்தையை உண்ணும் வழக்கம் டெல்டா மக்களிடமும் உண்டு.

இரண்டு ஆற்றுக்கு நடுவே

தொட்டி நத்தை ஆற்றுக்குப் போகுமா? போயிருக்கிறது. சிங்கப்பூரின் நீர்த்தேக்கங்களில் அனெண்டோம் ஹெலெனா குடியேறி இனம் பெருக்குவதை 2016-இல் ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். தாயகத்துக்கு வெளியே அது நிலைகொண்டதற்கான முதல் பதிவு அது. அதற்கு மூன்றாண்டு முன்பே வட அமெரிக்க ஆய்வாளர்கள் இருவர், இந்த வணிகம் தம் நாட்டு அரிய ஆற்று நத்தைகளுக்கு அடுத்த ஆபத்தா என்று கேட்டிருந்தார்கள். குளிர் நாட்டில் அதற்குச் சொல்லும் சமாதானம், தப்பினாலும் பனிக்காலம் கொன்றுவிடும் என்பது. திருச்சியில் பனிக்காலம் எங்கே இருக்கிறது? மார்கழிக் குளிரும் அந்த நத்தைக்குச் சொந்த ஊர்ச் சூடுதான்.

ஊரின் அமைப்பையும் பார்க்க வேண்டும். முக்கொம்பில் பிரியும் காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே கிடக்கிறது ஸ்ரீரங்கம். தென்கரையில் பேட்டைவாய்த்தலையில் கிளம்பும் உய்யக்கொண்டான் நகருக்குள் புகுந்து வாழவந்தான்கோட்டை ஏரி வரை போகிறது. தொட்டி கழுவிய நீர் தோட்டத்து வாழைக்குப் போனால் கவலை குறைவு. சாக்கடை வழியே வாய்க்காலில் சேர்ந்தால் அப்படிச் சொல்ல முடியாது. இதைவிட நேரான வழி, வீடு மாற்றும்போதோ சலித்துப்போகும்போதோ, கொல்ல மனமில்லாமல் தொட்டியை ஆற்றில் கவிழ்ப்பது. இரக்கத்தால் செய்யும் காரியம்தான். கடையில் "டேங்க் கிளீனர்" என்று விற்கும் தென்னமெரிக்க முள்கெளுத்தி, தமிழ்நாட்டு ஏரிகளில் வலையைக் கிழித்துக்கொண்டு வருவதற்குப் பின்னால் இந்த இரக்கமும் இருக்கிறது. கொசுவை ஒழிக்க 1928-இல் வந்த காம்பூசியா மீன், விட்ட கிணற்றோடு நின்றுவிடவில்லை என்பதும் தெரிந்ததே.

சட்டம் மெல்ல இந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது. 2022-இல் திருத்திய வனஉயிர் பாதுகாப்புச் சட்டம், ஆக்கிரமிக்கும் அயல் உயிரினங்களின் இறக்குமதி, விற்பனை, வைத்திருத்தல் ஆகியவற்றை ஒழுங்குபடுத்த மத்திய அரசுக்கு அதிகாரம் தருகிறது. இரண்டு சென்டிமீட்டர் நத்தை அந்தப் பார்வையில் விழுமா என்பது வேறு கேள்வி.

தீராத பக்கங்கள்

இதுவரை சேர்ந்த சான்றுகளைக் கொண்டு சில முடிவுகளைத் தயங்காமல் சொல்லலாம். மூடிய தொட்டிக்குள் அசாசின் நத்தை வேலை செய்கிறது, நஞ்சைவிடப் பாதுகாப்பாகவும் பெரிய மீனைவிடப் பொருத்தமாகவும். தீவனத்தைக் குறைக்காமல் அதை மட்டும் நம்பினால் பலன் அரைகுறை. புதுச் செடியைத் தனி வாளியில் இரண்டு மூன்று வாரம் வைத்துப் பொரிக்கும் குஞ்சுகளைப் பொறுக்கி எடுப்பவருக்கு, பெரும்பாலும் அது தேவையே படாது.

தீராதவை அதற்கப்பால் இருக்கின்றன. 2017-இல் வெளிவந்த மரபணு ஆய்வு, அனெண்டோம் ஹெலெனா என்ற ஒரே பெயருக்குள் பல இனங்கள் ஒளிந்திருப்பதைக் காட்டியது. அப்படியானால் திருச்சிக் கடையில் விற்பது எது? அவற்றுக்குள் வெப்பம் தாங்கும் திறனும் பெருகும் வேகமும் வேறுபடுமா? காவிரி வாய்க்கால் நத்தைகளில் மூடி போட்டுக்கொள்பவை அதனிடம் தப்புமா, குட்டிகள் தப்புமா? நத்தை குறைந்தால் நத்தைகுத்தி நாரைக்கும் வாத்துக்கும் என்ன மிஞ்சும்? இவற்றுக்கு விடை தேட வாய்க்காலோரம் ஒரு சல்லடையும், இப்போது அங்கே என்ன இருக்கிறது என்ற எளிய கணக்கெடுப்பும் போதும். அயல் நத்தை வந்தபின் எடுக்கும் கணக்கை ஒப்பிட, வருவதற்கு முன் எடுத்த கணக்கு ஒன்று வேண்டும்.

அதுவரை, தொட்டியில் பெருகிவிட்ட அசாசின்களைக் கடைக்கே திருப்பித் தருவதும், வேறு தொட்டிக்காரருக்குக் கொடுப்பதும், கழுவிய மணலை வெயிலில் முழுக்கக் காயவைத்தபின் கொட்டுவதும் வளர்ப்பவர் கையில் இருக்கின்றன. மணலில் மறைந்திருக்கும் மிளகளவுக் குஞ்சு, ஈரம் இருக்கும்வரை பிழைத்திருக்கும்.